கச்சான் காலத்து இரவுகள்

சென்ற மாதம் நோன்மதி தின விடுமுறையோடு சேர்ந்து வந்த நீண்ட வார இறுதியில், நள்ளிரவு கடந்து ஒரு மணி நாற்பது நிமிடமளவில், எமது வீட்டு விறாந்தையிலுள்ள பழைய கண்ணாடி அலுமாரி அதிரத் தொடங்கியது. உள்ளேயிருந்த தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முழங்காலளவு தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவந்தபோதும் இடம்பெயராத அலுமாரி அது. இம்முறை அதனை அசைத்தது கடல் அல்ல. மூன்று வளவுகளுக்கு அப்பால், வீதியோரமாக இருக்கும் விடுமுறை இல்லமொன்றின் முற்றத்தில் வைக்கப்பட்டிருந்த இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். என்ன பாட்டு என்று என்னால் கூற முடியாது. சொற்களும் மெட்டும் எம்மை வந்தடையவில்லை. அடித்தாளம் மாத்திரமே சுவரூடாக வந்தது.

நான் வசிப்பது திருகோணமலையில், உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட கரையோரப் பகுதியில். சரியான இடத்தைக் குறிப்பிடாமல் விடுவதற்குக் காரணம் அயலவர்கள் மீதுள்ள மரியாதை. இக்கட்டுரையில் வருபவர்கள் எல்லோரும் நாளை காலையிலும் என் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் மனைவியின் பூர்வீகக் காணியில் வந்து குடியேறியவன் நான். ஆகவே இந்தக் கரைக்கு நானும் ஒருவகையில் வந்தவன்தான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாக இருக்கும்.

இரைச்சல் எனக்குப் புதிதல்ல. கொழும்பில் இரவுப் பணியில் இருந்த காலத்தில் அச்சு இயந்திரக் கூடத்துக்கு மேல்மாடியில், மேசையில் தலை வைத்து உறங்கியிருக்கிறேன். இயந்திரம் ஓடத் தொடங்கினால் கட்டடமே நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் எனக்கு நல்ல உறக்கம் வந்தது. ஏனென்றால் பத்திரிகை அச்சாகிறது என்பதற்கு அதுவே சான்று. மூன்று மணிக்குள் அது நின்றுவிடும் என்பதும் தெரியும். இப்போது யோசித்துப் பார்க்கும்போது, மனிதரை வதைப்பது ஓசையின் அளவு மாத்திரமல்ல, அது எப்போது நிற்கும் என்று தெரியாமலிருப்பதும்தான் என்று எண்ணத் தோன்றுகிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கிடையே வரும் அந்த ஐந்து விநாடி இருக்கிறதே, அதனைப்போலக் கொடியது வேறில்லை. முடிந்துவிட்டது என்று நம்பிக் கண்ணை மூடுவோம்.

கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர்வரை நீடிக்கும். தென்மேல் பருவக்காற்று தெற்கையும் மேற்கையும் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் எமது கடல் குளம்போலக் கிடக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி வெப்பமாக வீசும் அந்தக் காற்றுக்கு இங்கே கச்சான் என்று பெயர். கச்சானோடு வெளியூரார் வருவது இன்று நேற்றைய வழக்கமல்ல. நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர்கள் இதே மாதங்களில் இங்கு வந்து, கடற்கரையில் வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்து, வாடைக்காற்று தொடங்கும்போது திரும்பிப் போவார்கள். அவர்களும் இரவில் குடித்தார்கள், பாடினார்கள், சில சமயம் சண்டையும் பிடித்தார்கள். ஆனால் விடியப் புறம் கடலுக்குப் போகவேண்டியவர்கள் என்பதால் அவர்களுடைய இரவுக்கும் ஓர் எல்லை இருந்தது. ஊராருடைய நேரமும் அவர்களுடைய நேரமும் ஒன்றாக இருந்தன. விடுமுறைக்கு வருபவருக்கு நாளை என்பது இல்லை. அதுதான் விடுமுறை என்பதன் பொருளே. அவருக்கு அடுத்த வளவில் இருப்பவருக்கோ நாளை ஞாயிற்றுக்கிழமையானாலும் வேலை நாள்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களில் பலருக்கு இந்தக் கரையின் பழைய அமைதி நினைவிருக்கும். அதனை நினைத்து ஏங்குபவர்களும் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. நான் அறிந்த அமைதியில் பெரும்பகுதி ஊரடங்கின் அமைதி. கடற்றொழிலுக்கு நேரக் கட்டுப்பாடு, வீதிக்கு வீதி சோதனைச் சாவடி, மாலையானதும் படலையைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கும் குடும்பங்கள். நாய் குரைத்தால் விளக்கை அணைத்த இரவுகள் அவை. பின்னர் ஆழிப்பேரலை கொண்டுவந்த அமைதி வேறுவிதமானது; அதனைப்பற்றி எழுத இன்றும் கை வருவதில்லை. எனவே, 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்து, தெற்கிலிருந்து முதற்தடவையாக வரிசை வரிசையாகப் பஸ்கள் வந்து நின்றபோது, அவற்றிலிருந்து இறங்கிய மக்கள் வீதியோரத்தில் அடுப்பு மூட்டிச் சோறு சமைத்து, றபான் தட்டிப் பாடியபோது, நான் அதனை இரைச்சலாகக் கேட்கவில்லை. கிழக்குக் கடலை வாழ்நாளில் காணாத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்திருந்தது. பிள்ளைகள் புறாமலைத் தீவுக்குப் படகேறுவதற்காகக் காலையிலேயே வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய பாட்டு ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் தானாக அடங்கிவிடும். தொண்டைக்கும் கைக்கும் களைப்பு வருமல்லவா?

ஒலிபெருக்கிக்குக் களைப்பு வருவதில்லை. மாற்றம் அங்கேதான் தொடங்கியது. அத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முன்னர் விடுதி என்றால் அதற்கு ஒரு முதலாளி இருப்பார், அல்லது முகாமையாளராவது இருப்பார். சத்தம் கூடினால் அவரிடம் போய்ச் சொல்லலாம். இன்று முழு வீட்டையும் இணையத்தளத்தினூடாக இரண்டு நாளைக்கு, மூன்று நாளைக்கு என்று வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரர் கொழும்பில் இருப்பார். சில வீடுகளுக்கு உரியவர் இலண்டனிலோ பாரிசிலோ இருப்பார். திறப்பைக் கொடுத்து வாங்குவதற்கென்று ஊரில் ஒரு பையன் இருப்பான். இரவு பத்து மணிக்குப் பின்னர் அவனுடைய தொலைபேசி இயங்காது. அவனைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. இருபது வயதுப் பையன், முப்பது பேர் குடித்துவிட்டு நிற்கும் முற்றத்துக்குள் போய் என்னதான் செய்வான்?

அந்த வீட்டுக்கும் எமது வளவுக்கும் இடையே நான்கு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு விதவைப் பெண் இருக்கிறார். கணவர் இறந்தபின் வங்கிக் கடனில் கட்டிய அறைகள். அவருடைய விருந்தினர்களும் சில நாள்களில் சத்தம் போடுவதுண்டு. ஒருமுறை நான் இதுபற்றிப் பேச்செடுத்தபோது அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

“ஐயா, 2019 இல ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு ஒரு சனம் வரேல்லை. பிறகு கொரோனா. பிறகு பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. அந்த நாளிலயெல்லாம் நல்ல அமைதிதானே இருந்தது. வங்கிக்காரர் மட்டும்தான் கோல் எடுத்தவை. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிராது.”

எனக்குப் பதில் வரவில்லை. ஓய்வூதியமும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் உள்ளவன் அமைதியைப்பற்றிப் பேசுவது இலகு. 2018 இல் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2021 இல் அந்தத் தொகை இரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024 இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இந்தக் கணக்கில் உள்நாட்டுப் பயணிகள் சேரவில்லை. வெளிநாட்டார் வராத அந்த ஆண்டுகளில் இப்பெண்ணின் கடனில் ஒரு பகுதியையாவது அடைக்க உதவியவர்கள், இடையிடையே வீதி திறந்த வாரங்களில் குருநாகலிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்த குடும்பங்கள்தாம். இன்று ஒலிபெருக்கியோடு வருபவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆகையால் ‘இவர்கள் வராதிருந்தால் நல்லது’ என்று எழுத என்னால் முடியாது. அப்படி எழுதுபவர் எவராயினும் அந்த நான்கு அறைகளின் கடன் தவணையைத் தாம் கட்டத் தயாரா என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் மறுபக்கத்திலும் ஆள்கள் இருக்கிறார்கள். கரைவலைச் சம்மாட்டி ஒருவர் எமக்குக் கிழக்கே இருக்கிறார். அவருடைய ஆள்கள் விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே எழும்ப வேண்டும். வளைத்த வலையைக் கரையில் நின்று இழுப்பதற்கு இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பேராவது தேவை. இரவு முழுவதும் விழித்திருந்தவன் கயிற்றில் நின்றால் வலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று அவர் சொன்னார். சுற்றுலாவால் அவருக்கு ஒரு சதமும் இல்லை. சாய்கதிரைகள் போட்டிருக்கும் இடத்தைச் சுற்றி வலையை இழுக்கவேண்டியிருப்பதுதான் அவர் கண்ட பயன்.

இன்னொரு வீட்டில் ஒரு மாணவி இருந்தாள். இது 2018 ஆகஸ்டில் நடந்தது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை அந்தக் காலத்தில் ஆகஸ்ட் மாதத்திலேயே நடைபெற்று வந்தது. கிழக்குக் கரையில் பருவம் உச்சத்துக்கு வருவதும் அதே ஆகஸ்டில்தான். நாட்டின் ஏனைய பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது தோன்றியிராது. பரீட்சைக் காலஅட்டவணை போடுபவர்களுக்கும் தோன்றியிராது. அந்தப் பிள்ளைக்கு மறுநாள் காலை இரசாயனவியல் வினாத்தாள். இரவு பதினொரு மணியளவில் தாயார் அவளைக் கூட்டிக்கொண்டு எமது வீட்டுக்கு வந்தார். கடற்பக்கமாக இருக்கும் எமது களஞ்சிய அறைக்கு ஜன்னல் இல்லை. சத்தம் அங்கே சற்றுக் குறைவு. மனைவி நெல் மூட்டைகளை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்துக் கொடுத்தார். பிள்ளை காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

அன்று விருந்து வைத்தவர்கள் தெற்கிலிருந்து வந்தவர்கள் அல்லர். நம்மவர்கள். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து, ஒருவருடைய ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடிய தமிழர்கள். இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இக்கரையில் நான் கழித்த இரவுகளில் மிகக் கொடிய இரைச்சல் அதுதான் என்பது மாத்திரமல்ல அக்காரணம். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் ஆகஸ்டில் ஊருக்கு வருபவர்கள் பலர் என்பதும்தான்.

நான் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்ற இளைஞர் மிகுந்த பணிவோடு, “அங்கிள், வருஷத்தில ஒருக்காத்தானே!” என்றார். அவருக்கு வருடத்தில் ஒருமுறைதான். எமக்கு அந்த ஆகஸ்டில் அது ஒன்பதாவது முறை. அதைச் சொல்லிக்கொண்டு நிற்கையில் பிறந்தநாள்காரரே வந்துவிட்டார். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஒன்றும் பேசவில்லை. நேரே போய் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் மாலை இனிப்புப் பெட்டியோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் எமது வீட்டுக்கும் வந்தார். அப்போது அவர் சொன்னது இது: “நான் இருக்கிற இடத்தில பதினொரு மணிக்குப் பிறகு இப்பிடிச் செய்ய மாட்டன் ஐயா. பக்கத்து வீட்டுக்காரன் அறிவிச்சுப்போடுவான். இங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. வீட்டுக்காரர் என்ன வேணுமெண்டாலும் செய்யலாம் எண்டுதான் சொன்னவர்.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அந்தக் கடைசி வாக்கியத்திலேயே அடங்கியிருக்கிறது. வந்தவருக்குத் தெரியாது. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்குப் பரீட்சை, யார் நான்கு மணிக்கு எழும்பவேண்டியவர் என்பதெல்லாம் அவர் அறிந்திருக்க வழியில்லை. அறிந்தவர் இடத்தை வாடகைக்கு விட்டவர். காசை வாங்கியவரும் அவரே. ‘என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று அவர் விற்றது தமது வீட்டை அல்ல, எமது உறக்கத்தை. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை விற்றிருக்கிறார். ஆனால் நாமோ காலங்காலமாக விருந்தினரோடு மல்லுக்கு நிற்கிறோம், விற்றவரை விட்டுவிடுகிறோம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸாரின் அனுமதி வேண்டும் என்பது 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவு. 1996 இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபைப் பகுதிகளை ஓசை குறைந்த பகுதிகளாக வகுத்து, இரவில் 45 டெசிபல் என்று எல்லை போட்டிருக்கின்றன. 2007 நவம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம், வெலிகமவில் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கொன்றில், இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கப்படக் கூடாது என்று கட்டளையிட்டது. விசேட நிகழ்வுகளுக்கு விலக்கு அளிப்பதாயின் அயலில் வசிப்போரின் கருத்து அறியப்பட வேண்டும் என்பதும் அக்கட்டளையில் உண்டு. அந்த எட்டு மணித்தியாலமும் மக்கள் ஓய்வுக்கு உரித்துடைய நேரம் என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அந்த வழக்கு பிறந்த வெலிகம இன்று அலைச்சறுக்கலுக்குப் பெயர்பெற்ற சுற்றுலா ஊர் என்பதை நினைக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

டெசிபல் அளவு பற்றி ஒரு சிறு குறிப்பு. ஒழுங்குவிதிகள் பயன்படுத்தும் அளவுமுறை மனிதக் காதின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டது. அது தாழ்ந்த சுருதியைக் குறைத்தே கணக்கிடும். சுவரையும் கதவையும் இலகுவில் ஊடுருவி வருவதோ அந்தத் தாழ்ந்த சுருதிதான். கருவியோடு வரும் உத்தியோகத்தர் ‘அளவு அவ்வளவு இல்லையே’ என்று சொல்லும் அதே நேரத்தில் அலுமாரிக்குள் கோப்பை ஆடிக்கொண்டிருக்கும். அதோடு கச்சான் தரையிலிருந்து கடற்பக்கமாக வீசுவதால், வீதியோரத்துச் சத்தம் காற்றோடு கரையோரத்தவர்களை நோக்கி வளைந்து இறங்கும். வீதிக்கு மேற்கே அதே தூரத்தில் இருப்பவருக்கு அது பாதிகூடக் கேட்காது. ‘உங்களுக்கு மாத்திரம்தானா கேட்கிறது?’ என்ற கேள்விக்கு விடை இதுதான்.

பொலிஸாரை அழைத்தால் வருகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வந்து சத்தத்தைக் குறைக்கவைத்துவிட்டுப் போவார்கள். இருபது நிமிடத்தில் அது மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறிவிடும். ஓர் இரவில் எத்தனை தடவை அவர்களை அழைப்பது? மேலும், முறைப்பாடு செய்தவர் யார் என்பது மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். அந்த நான்கு அறைப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவேண்டும்.

இதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் உண்டு. அதை வெளிப்படையாக எழுதுபவர்கள் குறைவு. இந்நாட்டில் ஒலிபெருக்கி பற்றிய சண்டை நீண்ட நேரம் ஒலிபெருக்கி பற்றியதாகவே இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது பகுதி இளைஞர் ஒருவர், பஸ்ஸில் வந்தவர்கள் ஆடிய காட்சியைப் படம்பிடித்து, ‘எங்கள் மண்ணில் வந்து கூத்தடிக்கிறார்கள்’ என்ற தலைப்போடு முகநூலில் போட்டுவிட்டார். இரண்டு மணித்தியாலத்துக்குள் அதன் கீழே இரு மொழிகளிலும் எழுதப்பட்டவற்றை நான் இங்கே திருப்பி எழுதமாட்டேன். அவற்றில் ஒன்றாவது உறக்கத்தைப் பற்றியதாக இல்லை. நான் அந்தத் தம்பியை அழைத்து அதை நீக்கச் சொன்னேன். “ஐயா, நீங்களும்தானே நித்திரை இல்லாம இருந்தனீங்கள்?” என்று கேட்டார். உண்மைதான். ஆனால் அடுத்த வாரம் ரொறன்ரோக்காரர் போடும் பாட்டுக்கு என்ன தலைப்புப் போடுவது? இனத்தின் பெயரால் தொடங்கும் முறைப்பாட்டுக்கு இனத்தின் பெயராலேயே பதில் வரும். அன்றிரவு பெட்டியை வாடகைக்கு எடுத்துக்கொடுத்த வீட்டுக்காரர் இரண்டுக்கும் நடுவே நிம்மதியாக உறங்கிவிடுவார்.

உலகின் ஏனைய கரைகளிலும் இந்தக் கதைதான். பார்சிலோனா நகரின் பார்சலோனெற்றா, மீனவர்களும் துறைமுகத் தொழிலாளரும் வாழ்ந்த பழைய கடலோரக் குடியிருப்பு. 2014 ஆகஸ்டில் அங்குள்ள மக்கள், குடித்துவிட்டு இரவிரவாகக் கூச்சலிடும் பயணிகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். அவர்களுடைய கோபத்தின் பெரும்பகுதி, குடியிருப்பு மாடிகளைச் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் முறைமையின்மீதே இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2024 ஜூனில், அந்நகரின் முதல்வர், சுற்றுலா வாடகைக்கென அனுமதி பெற்ற 10,101 வீடுகளுக்கும் 2028 நவம்பருக்குப் பின் அனுமதி புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தார். வீட்டு வாடகை உயர்வே அதற்கு முதற்காரணமாகச் சொல்லப்பட்டது. எமக்கு அவ்வளவு கடுமையான மருந்து பொருந்தாது. இங்கே அந்த மருந்து நோயாளியையே கொன்றுவிடும். ஆனால் அவர்கள் கைவைத்தது பயணிமீதல்ல, அனுமதிப்பத்திரத்தின்மீது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எமது நாட்டில் தங்குமிடங்களைச் சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்யும் முறை உண்டு. வியாபார அனுமதி உள்ளூராட்சி மன்றங்களிடமும் உண்டு. பத்து மணிக்குப் பின் முற்றத்தில் ஒலிபெருக்கி இல்லை என்பதை அந்த அனுமதியின் நிபந்தனையாக்கி, மீறினால் தண்டம் விருந்தினருக்கல்ல, வீட்டுக்காரருக்கே என்று வைத்தால் போதும். முழு வீட்டையும் வாடகைக்கு விடுபவர், இரவில் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய பொறுப்பான ஒருவரை ஊரில் நியமிக்கவேண்டும்; அவருடைய தொலைபேசி இலக்கம் படலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திறப்புப் பையனின் இலக்கமல்ல. ‘பக்கத்தில் குடும்பங்கள் இருக்கின்றன’ என்பதை மூன்று மொழிகளிலும் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். நான்கு அறைப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே ஏற்றுக்கொண்டார். “எல்லாருக்கும் ஒரே சட்டமெண்டா எனக்குப் பிரச்சினை இல்லை. நான் மட்டும் சத்தம் கூடாதெண்டு சொன்னா, சனம் அடுத்த வீட்டுக்குப் போயிடும்” என்றார். அவருக்கு இருந்த சிக்கல் அதுதான். நானோ அவருக்கு அயலவர்மீது அக்கறை இல்லையென்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன்.

ஆகஸ்டில் வரும் வாசகர்களிடமும் ஒன்று கேட்கலாம். ஊரில் காணியும் வீடும் வைத்திருந்து, விடுமுறைக்கு வாடகைக்கு விடுபவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்த வீட்டின் மதிலுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிலர் உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவர்களிடம் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா?

அலுமாரி அதிர்ந்த அந்த இரவுக்கு வருகிறேன். இரண்டு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் எழுந்து போனேன். வீதியோரத்தில் அவர்களுடைய பஸ் நின்றது. அதன் பக்கத்தில், நிலத்தில் பாயை விரித்து ஒருவர் குந்திக்கொண்டிருந்தார். சாரதி. தலையில் துவாயைச் சுற்றிக் காதை மூடியிருந்தார். என் அரைகுறைச் சிங்களத்தில், உறங்கவில்லையா என்று கேட்டேன். எப்படி உறங்குவது ஐயா, என்றார். காலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும், மாத்தறைக்கு. எட்டு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட ஓட்டம், பஸ்ஸில் நாற்பது பேர். இரண்டு தடவை உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறார். ‘இன்னும் ஒரு பாட்டு’ என்று அனுப்பிவிட்டார்களாம். கூலிக்கு ஓட்டுபவர் மூன்றாம் தடவை போகத் தயங்கினார்.

இருவரும் சேர்ந்து போனோம். நான் பேச வாயெடுப்பதற்கு முன்பே அவர் பேசத் தொடங்கிவிட்டார். என்ன சொன்னார் என்பது முழுவதும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் என்ற சொல்லும், ஹபரணை வீதி என்ற சொல்லும் விளங்கின. உள்ளேயிருந்து வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்து, தன் மகனாக இருக்கவேண்டிய ஒருவரைப் பெயர் சொல்லி ஓர் அதட்டுப் போட்டார். பெட்டி நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார், சங்கடமாக இருந்தது. நானும் கைகூப்பிவிட்டு வந்து படுத்தேன். நெடுநேரம் கடலின் ஓசை மாத்திரம் கேட்டது.

ஐந்து மணிக்குத் தம்முடைய ஆள்களைக் கூட்டுவதற்காகச் சாரதி மூன்று தடவை ஹோர்ன் அடித்தார். பல குரலில் பாடும் நீண்ட ஹோர்ன். ஊர் முழுவதும் எழும்பிவிட்டது. “இதுக்கும் போய்ச் சொல்லப் போறியளோ?” என்று மனைவி கேட்டார். இல்லை என்றேன். அவர் கொஞ்சமாவது உறங்கியிருந்தார். குரலில் அது தெரிந்தது.